பெர்சனல் ஸ்டேட்மென்ட்டில் என்ன எழுதுவது? பரமக்குடித் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: அக்கா, நான் பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ, ஸ்டேட் போர்டு. இங்கிலாந்தில் சிவில் இன்ஜினியரிங் படிக்க யூகாஸ் (அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) வழியாக விண்ணப்பிக்கப் போகிறேன். மதிப்பெண் பரவாயில்லை, நம்மைப் பற்றி நாமே எழுதித் தர வேண்டிய பெர்சனல் ஸ்டேட்மென்ட்தான் பயமாக இருக்கிறது. கன்சல்டன்ஸியில் ஒரு மாதிரி கொடுத்து, பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். என்னிடம் விருது, இன்டர்ன்ஷிப் எதுவும் இல்லை. சின்ன வயதில் எங்கள் கண்மாய்க் கரை உடைந்தது, அதிலிருந்துதான் சிவில் மேல் ஆசை. அப்பா வீடு கட்டும் மேஸ்திரி. லீவில் அவரோடு வேலைக்குப் போவேன். இதையெல்லாம் எழுதினால் கேவலமாக நினைப்பார்களா? எப்படி ஆரம்பிப்பது?

பதில்:

தம்பி, அந்த மாதிரியை முதலில் தூக்கிப் போடுங்கள். கேள்வியின் கடைசியில் கூச்சப்பட்டுக்கொண்டே இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள்: உடைந்த கண்மாய், அப்பாவின் வேலை. உங்கள் ஸ்டேட்மென்ட்டே அந்த இரண்டும்தான். விருது இல்லை என்ற கவலையை விடுங்கள். இந்த மாதிரிக் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துப் பார்த்துத் திருத்தச் சொல்லி வருகிறேன். விருதுப் பட்டியல் நீளமாக இருந்ததால் நன்றாக அமைந்த கட்டுரை ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்றால், நம்மிடம் யாரும் இதைக் கேட்டதே இல்லை. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் சேர வேண்டுமா? கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200க்கு கட்-ஆஃப். அப்புறம் ரேங்க், கவுன்சலிங். ஏன் சிவில், ஏன் மெக்கானிக்கல் என்று அதில் எங்கேயும் கேள்வி கிடையாது. அந்த முறைக்கு என்று ஒரு நியாயம் இருக்கிறது. யாருடைய சிபாரிசும் இல்லாமல் கூலித் தொழிலாளியின் பிள்ளை கிண்டிக்குள் போக முடிகிறது. ஆனால் பன்னிரண்டு வருடம் அப்படியே படித்துவிட்டு, திடீரென்று 'உன் ஆர்வத்தைப் பற்றிச் சொல்' என்றால் கை ஓடாது. உடனே மேடைப் பேச்சு மாதிரி எழுத ஆரம்பித்துவிடுவோம். தீராத தாகம், நாட்டுக்குச் சேவை, அப்துல் கலாம் மேற்கோள். உங்கள் மாவட்டத்தில் இருந்து போகும் கட்டுரைகளில் கலாம் வராமல் இருப்பது அபூர்வம். அவர் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த நாலு வரியில் உங்களைப் பற்றி எதுவும் இல்லை, அதனால் வேண்டாம்.

இனி படிவத்துக்கு வருவோம். முன்பெல்லாம் ஒரே நீளக் கட்டுரை. 2026 சேர்க்கையில் இருந்து யூகாஸ் அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டது. இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்பது முதல் கேள்வி. உங்கள் பள்ளிப் படிப்பு இதற்கு உங்களை எப்படித் தயார் செய்திருக்கிறது என்பது இரண்டாவது. படிப்புக்கு வெளியே தயாராக என்ன செய்தீர்கள், அது எப்படிப் பயன்படும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள்தான் இடம். ஒவ்வொன்றிலும் குறைந்தது 350 எழுத்து இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மொத்தம் 600, 650 சொற்கள் வரும். மூன்றையும் சமமாகப் பங்கு போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்களுக்கு முதல் கேள்வியிலும் மூன்றாம் கேள்வியிலும்தான் சரக்கு இருக்கிறது, அங்கே தாராளமாக எழுதுங்கள்.

இன்னொன்றும் மறந்துவிடாதீர்கள். அதிகபட்சம் ஐந்து படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்துக்கும் போவது இதே ஒரு ஸ்டேட்மென்ட்தான். அதனால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதாதீர்கள். ஐந்துமே சிவில் என்றால் சிக்கல் இல்லை. மூன்று சிவில், இரண்டு ஆர்க்கிடெக்சர் என்று கலந்தால் ஒரே கட்டுரை இரண்டு பக்கமும் அரைகுறையாகத் தெரியும்.

இதைப் படிக்கப் போவது அந்தத் துறைப் பேராசிரியராக இருக்கலாம், சேர்க்கைப் பிரிவு அலுவலராக இருக்கலாம். அவர் தேடுவது ஒன்றைத்தான்: இந்தப் பிள்ளை இந்தப் பாடத்தைப் பற்றித் தானாக யோசித்திருக்கிறதா? நீங்கள் நல்லவரா, உழைப்பாளியா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் கண்மாயையே எடுத்துக்கொள்வோம். இப்படி எழுதத் தோன்றும்: 'சிறுவயதில் எங்கள் கிராமத்துக் கண்மாய் உடைந்து வயல்கள் மூழ்கின. மக்கள் பட்ட துன்பம் என் மனதை உலுக்கியது. அன்றே பொறியாளராக வேண்டும் என்று முடிவு செய்தேன்.' இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிப்பவருக்குத் தெரிவது ஒரு வெள்ளம் மட்டும்தான், அதற்குள் பொறியியல் படிக்க வந்த பிள்ளையைக் காணோம். இதே சம்பவத்தை வைத்து டாக்டராக வேண்டும் என்றும் எழுதலாம், கலெக்டராக வேண்டும் என்றும் எழுதலாம்.

சரி, கரைக்குப் போய் நில்லுங்கள். கரை அடியில் அகலமாகவும் மேலே ஒடுக்கமாகவும் இருக்கும். ஏன்? ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடும் என்று பிளஸ் ஒன் இயற்பியலில் படித்திருப்பீர்கள். அதனால்தான் என்று சட்டென்று பதில் வரும். அதோடு நிறுத்தாமல் ஒரு கணக்குப் போடுங்கள். தண்ணீர் ஆழம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளக் கரையைத் தண்ணீர் தள்ளும் விசை சுமார் 78 கிலோநியூட்டன். கரை 5 மீட்டர் உயர முக்கோணம், மண்ணின் எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கெழு 0.5 என்று எடுத்தால், கரை வழுக்கிப் போகாமல் நிற்க அடி அகலம் மூன்றரை மீட்டர் போதும் என்று வரும். இப்போது டேப் பிடித்து உங்கள் கரையை அளந்து பாருங்கள். அதைப்போல் பல மடங்கு இருக்கும்.

அப்படியென்றால் அந்த அகலம் எதற்கு? இந்தக் கேள்வி வந்த இடத்தில்தான் உங்கள் ஸ்டேட்மென்ட் ஆரம்பிக்கிறது. தேடிப் பார்த்தால் இரண்டு விஷயம் கிடைக்கும். ஈரமான மண் ஓரளவு சரிவுக்கு மேல் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். அப்புறம், மண் கரைக்குள் தண்ணீர் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவுக்கு நீளமான பாதை வேண்டும். பாதை குறுகினால் வேகம் கூடி மண்ணை அரித்து, உள்ளுக்குள்ளேயே குழாய் மாதிரி ஒரு வழியை உண்டாக்கிவிடும். கரையைத் தண்ணீர் அப்படியே தள்ளிக்கொண்டு போவதைவிட, இந்த அரிப்பாலும் கரைக்கு மேல் வழிந்து ஓடுவதாலும்தான் மண் கரைகள் பெரும்பாலும் உடைகின்றன. உங்கள் ஊரில் எதனால் உடைந்தது? கலுங்கு (உபரி நீர் வெளியேறும் வழி) அடைத்துக்கொண்டு மேலே வழிந்ததா, நண்டு வளை, எலி வளை வழியாகக் கசிந்ததா? ஊரில் மடை திறக்கிற பெரியவரைக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகு எழுதும் பத்தி தானாகவே வேறு மாதிரி வரும். ஏறக்குறைய இப்படி: 'எங்கள் ஊர்க் கண்மாய் உடைந்தபோது தண்ணீரின் வேகம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். பதினொன்றாம் வகுப்பில் நீரழுத்தம் படித்ததும் கரையைத் தள்ளும் விசையைக் கணக்கிட்டேன். கரை அதைத் தாங்கத் தேவையானதைவிடப் பல மடங்கு அகலமாக இருந்தது. கணக்கு தவறா, கேள்வி தவறா என்று புரியவில்லை. மண் வழியாக நீர் கசிவதைப் பற்றிப் படித்தபோது, கரையைத் தண்ணீர் நகர்த்துமா என்பதைவிட, கரைக்குள் தண்ணீர் எந்த வழியில் போகிறது என்பதே முக்கியம் என்று தெரிந்தது. மடையைப் பராமரிப்பவர், கரை உடைவதற்கு முன்பே வெளிப்பக்கம் கலங்கல் நீர் ஊறியதைப் பார்த்ததாகச் சொன்னார். தெளிந்த கசிவு ஆபத்தில்லை, கலங்கிய கசிவு ஆபத்து என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. அதற்கான காரணத்தைக் கணக்கில் கொண்டுவர எனக்கு மண் இயக்கவியல் தேவைப்படுகிறது.'

ஆசை, தாகம், கனவு என்று ஒரு வார்த்தைகூட இதில் இல்லை, ஆனாலும் ஆர்வம் தெரிகிறது. இதை நகல் எடுக்காதீர்கள். நான் சொன்ன எண்கள் கற்பனைக் கரைக்கானவை. மடைக்காரர் சொன்னதும் உதாரணத்துக்கு நான் வைத்தது. உங்கள் கரையின் அளவும், உங்கள் ஊர்ப் பெரியவர் சொல்வதும் வேறாக இருக்கும். அந்த வித்தியாசம்தான் உங்கள் சொத்து.

பாம்பன் பாலம் பக்கத்தில்தானே இருக்கிறது, அதையும் சேர்க்கலாமா என்று யோசிப்பீர்கள். 'பாம்பன் பாலத்தைப் பார்த்து வியந்தேன்' என்றால் வேண்டாம். 1914இல் திறந்த பழைய பாலத்தில் கப்பல் போக நடுப்பகுதி இரண்டு இதழாகப் பிரிந்து மேலே சாய்ந்து திறக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே ஏறுகிறது. ஏன் முறையை மாற்றினார்கள், நேராகத் தூக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கோபுரமும், பாலத் துண்டின் பாரத்தைச் சமன் செய்யும் எதிர் எடையும் எதற்கு, உப்புக் காற்றில் இரும்பு என்னவாகும் என்று நீங்கள் தேடிப் படித்திருந்தால் தாராளமாக எழுதுங்கள். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை என்றால் புரியாததைக் கேள்வியாகவே எழுதலாம். அதைக் குறையாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாம் கேள்விக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். மதிப்பெண் படிவத்தில் வேறு இடத்தில் இருக்கிறது, இங்கே திரும்ப எழுதினால் இடம்தான் வீண். பாடத்தைச் சொல்லி, அதில் எது கைகொடுத்தது என்று சொன்னால் போதும். ஆழத்தோடு மாறும் அழுத்தத்தைக் கூட்டி மொத்த விசையைக் கண்டுபிடிக்கத் தொகை நுண்கணிதம் உதவியது என்று ஒரு வரி எழுதினால், கணிதமும் இயற்பியலும் உங்களிடம் சேர்ந்து வேலை செய்கின்றன என்று தெரிந்துவிடும். ஸ்டேட் போர்டு என்பதால் மன்னிப்புக் கேட்கும் தொனி மட்டும் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது கேள்விக்கு அப்பாவிடம் வருவோம். கேவலமாக நினைப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. சிவில் படிக்க வருகிற பிள்ளைகளில் எத்தனை பேர் கலவை போட்டிருப்பார்கள்? செங்கல்லை ஏன் நனைத்துவிட்டு வைக்கிறோம், புதுக் கான்கிரீட்டுக்கு ஏன் நாள்கணக்கில் தண்ணீர் விடுகிறோம் என்று உடம்பால் தெரிந்த பிள்ளை எத்தனை இருக்கும்? கம்பெனியில் இரண்டு வாரம் ஏசி அறையில் உட்கார்ந்து வாங்கிய இன்டர்ன்ஷிப் சான்றிதழை விட இது பல மடங்கு மேல்.

ஆனால் 'அப்பாவோடு வேலை செய்து உழைப்பின் அருமையைக் கற்றேன்' என்று முடித்துவிட்டால் கையில் இருந்ததைக் கோட்டைவிட்ட மாதிரிதான். ஒரே ஒரு வேலையைப் பக்கத்தில் போய்க் காட்டுங்கள். டியூப் மட்டம் பார்த்திருப்பீர்கள். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ஒரு தூணிலும் மறுமுனையை எட்டத்தில் இருக்கும் இன்னொரு தூணிலும் பிடித்தால் இரண்டு பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அங்கே கோடு போடுவார்கள். நடுவில் சுவர் இருந்தாலும் மூலை திரும்பினாலும் பரவாயில்லை. ஆனால் குழாய்க்குள் காற்றுக்குமிழி அடைத்துக்கொண்டால் மட்டம் தப்பும். அப்பா குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றிய பிறகுதானே கோடு போடுவார்? ஏன் தப்புகிறது என்று நீங்கள் படித்த இயற்பியலை வைத்து யோசித்து இரண்டு வரி எழுதுங்கள். மட்டம் தப்பினால் மேலே தளம் போடும்போது என்ன ஆகும் என்று ஒரு வரி. கருவியை நம்புவதற்கு முன் அதைச் சோதிக்க வேண்டும் என்று கற்ற பிள்ளை நீங்கள் என்பது படிப்பவருக்கே புரியும்.

வீட்டுப் பணக் கஷ்டத்தை இங்கே எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். ஸ்காலர்ஷிப்புக்குப் பெரும்பாலும் தனி விண்ணப்பம் இருக்கும், அங்கே எழுதுங்கள். படிப்பை நேரடியாகப் பாதித்த சூழ்நிலை ஏதாவது இருந்தால், பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியரிடம் அதைக் குறிப்பிடச் சொல்லலாம். உங்கள் 4,000 எழுத்து பாடத்துக்கே இருக்கட்டும்.

மாதிரியை ஏன் தூக்கிப் போடச் சொன்னேன் என்றால், யூகாஸ் வந்து சேரும் ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டையும் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் வைத்திருக்கிறது. ஒற்றுமை அதிகம் என்றால் நீங்கள் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுக்கே தகவல் போகும். 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில் சுமார் 50,000 ஸ்டேட்மென்ட்டுகளைச் சோதித்தார்கள். எட்டு வயதில் ரசாயனச் சோதனை விளையாட்டுப் பெட்டியை வைத்து விளையாடி இரவு உடையில் ஓட்டை விழுந்ததாக 234 பேர் எழுதியிருந்தார்கள். இணையத்தில் கிடைத்த ஒரே மாதிரிக் கட்டுரையில் இருந்து எல்லாரும் எடுத்த கதை அது. கன்சல்டன்ஸி உங்களுக்குக் கொடுத்த பக்கத்தை இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கும் என்று யோசியுங்கள். 'சிறுவயது முதலே' என்று தொடங்குவதையும் தவிருங்கள், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

சாட்ஜிபிடி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேட்மென்ட் உங்கள் சொந்த எழுத்து என்று யூகாஸில் உறுதி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். கட்டுரையையோ அதன் பெரும்பகுதியையோ செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கித் தன்னுடையது என்று கொடுப்பதை ஏமாற்றாகவே கருதலாம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எழுத்துப் பிழை பார்க்கவோ, கசிவு பற்றிய பாடத்தில் புரியாததைக் கேட்கவோ பயன்படுத்தலாம். உங்கள் கரையை அது பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றி எழுதவும் அதற்குத் தெரியாது.

ஆங்கிலம் வராதே என்று பயப்படாதீர்கள். முதலில் போனை எடுத்து வாய்ஸ் ரெக்கார்டரில் உங்கள் நண்பனிடம் பேசுகிற மாதிரி தமிழில் பேசுங்கள். கரை எப்படி உடைந்தது, நீங்கள் எதை அளந்தீர்கள், எங்கே குழம்பினீர்கள் என்று பத்து நிமிடம் பேசினால் போதும். பிறகு அதைக் கேட்டு, நடந்ததை மட்டும் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். தமிழ் வாக்கியத்தை அப்படியே பெயர்க்க வேண்டாம். அகராதியில் தேடிப் பெரிய சொல் போடவும் வேண்டாம். எளிய ஆங்கிலத்தில் சரியான பொறியியல் சொன்னால் அதுவே கம்பீரமாக இருக்கும். எழுதியதை இரண்டு பேரிடம் மட்டும் காட்டுங்கள். இயற்பியல் ஆசிரியர் கணக்கைப் பார்க்கட்டும், ஆங்கில ஆசிரியர் இலக்கணத்தைப் பார்க்கட்டும். ஆறு பேரிடம் காட்டினால் ஆறு பேரும் ஆளுக்கொன்று திருத்தி, கடைசியில் அது யாருடைய கட்டுரையாகவும் இருக்காது.

நாள் கணக்கும் முக்கியம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் 15. பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கும் அதுதான் கடைசி நாள். மற்றவற்றுக்கு ஜனவரி நடுப்பகுதி, 2026 சேர்க்கைக்கு அது ஜனவரி 14ஆக இருந்தது. வெளிநாட்டு மாணவர்கள் அதற்குப் பிறகும் இடம் இருக்கும் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் விசா, கல்விக் கடன் வேலைகளை நினைத்தால் முன்கூட்டியே அனுப்புவதுதான் நல்லது. அரையாண்டுத் தேர்வும் டிசம்பரில் வந்து நிற்கும். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் கரையை அளந்து முடித்துவிடுங்கள்.

ஒருவேளை அமெரிக்காவுக்கும் விண்ணப்பிப்பதாக இருந்தால் இதே கட்டுரையை அனுப்பாதீர்கள். அங்கே பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் கட்டுரைக்கு 250 முதல் 650 சொற்கள், பாடத்தைவிட ஆளைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகம் எட்டுக் கேள்வி கொடுத்து நாலுக்கு மட்டும் பதில் கேட்கும், ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். அங்கே டியூப் மட்டத்தைவிட அப்பாவும் நீங்களும் ஒரு நாள் முழுக்க எப்படி வேலை செய்வீர்கள் என்பதற்கு இடம் கிடைக்கும்.

கட்டுரையை வேர்டில் தட்டெழுதி எழுத்து எண்ணிக்கை பார்த்துவிட்டு, கடைசியாகப் படிவத்தில் ஒட்டுங்கள். தடித்த எழுத்து, சாய்வெழுத்து எதுவும் அதில் நிற்காது. அனுப்பியதன் நகலும் கணக்குப் போட்ட தாளும் பத்திரமாக இருக்கட்டும். சில பல்கலைக்கழகங்கள் நேர்காணல் வைக்கும். நீங்கள் எழுதியதில் இருந்தே கேள்வி வரலாம். உராய்வுக் கெழு ஏன் 0.5 என்று எடுத்தீர்கள், மண் நனைந்தால் அது மாறுமா என்று கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள். முதல் வரைவு முடிந்ததும் இங்கேயே போடுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.